பின்பக்கம் எழுதிய பெயர்

வில்லாபுரத்தில் டயர்க்கடைக்கு மேலே
எங்கள் அறை.
பதிவு ஓடும்போது மின்விசிறியை நிறுத்துவோம்.
அக்கினி நட்சத்திரம் நாலு சுவரையும் பிடித்து உட்கார்ந்திருக்கும்.
எதிரொலி வராமலிருக்க மொக்கராஜ் வீட்டுப் போர்வைகளை
ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம்.
ஒன்றில் தாஜ்மகால், ஒன்றில் மயில்.
செய்தி வாசிக்கும் ஜெசிந்தாவுக்கு
எப்போதும் தோளில் ஒரு மயில்.

சம்பளம் கிடையாது.
சனிக்கிழமை சிக்கந்தரின் அம்மா
கொடுத்தனுப்பும் பருத்திப்பால் உண்டு.
கேமரா என்று நாங்கள் சொல்வது ஒரு செல்போனை,
அதற்கும் திரையில் கீறல்.
வாரம் ஒரு தடவை, ஐந்து நிமிடம்,
தெருமுனையில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் காட்டுவோம்.
பார்க்க அறுபது பேர்.
கொசு கடித்தால் நாற்பது.

இந்த வாரம் தண்ணீர்.
அவனியாபுரம் போகிற வழியில் ஒரு தெரு,
பதினோரு நாளாகக் குழாய் இருமுகிறது.
லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
நிறைமாத வயிற்றோடு வரிசையில் நின்ற முத்திருளி
கேமராவைப் பார்க்கவில்லை,
குடத்தைப் பார்த்துப் பேசினாள்:
"நாலு குடம் வாங்குனா பால் வாங்க முடியாது.
பால் வாங்குனா அவரு குளிக்க முடியாது.
மூட்டை தூக்குற ஆளு, கெடக்காரு, நாறட்டும்."
கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.
சிரித்து முடித்ததும்
விலையை மறுபடி சொன்னாள்.

வெட்டி ஒட்டுவது என் வேலை.
இரவு ஒன்பதரை.
இரண்டாவது நிமிடம், பதினான்காவது நொடி,
முத்திருளியின் தலைக்குப் பின்னால்
ஒரு லாரி திரும்புகிறது.
நீலத் தொட்டி, மஞ்சள் எழுத்து.
யாழ்மொழி.

என் பெயர்.

ஐந்தாம் வகுப்பில் நான் முதல் ரேங்க் வாங்கிய வருடம்
அப்பா பெயிண்டரை வீட்டுக்கே கூட்டிவந்தார்.
"ழாவுக்குச் சுழி சரியா இருக்கான்னு நீயே பாரு" என்றார்.
ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புதுசாக எழுதுவார்.
சுழி சரியாகத்தான் இருக்கிறது,
தெளிவாக, ஃபோகஸில்.

சிக்கந்தர் எதுவும் சொல்லவில்லை.
ஜெசிந்தா தாஜ்மகாலைச் சரிசெய்வதுபோல் எழுந்துபோனாள்.
மொக்கராஜ்தான், "மங்கலாக்கிறலாம்ல" என்றான்.
ஆக்கலாம். ஒரு சொடுக்கு.
சின்னப் பிள்ளைகள் முகத்துக்குப் போடுவோம்,
புருஷனுக்குப் பயந்து பேசுகிறவர்களுக்குப் போடுவோம்.
ஒருதரம் ரேஷன் கடையில் எடை குறைவதைச் சொன்ன
அந்தக் கடைப் பையனுக்கே போட்டோம்.
லாரிக்குப் போட்டதில்லை.

என் காலேஜ் ஃபீஸ் குடம் குடமாகக் கட்டியது.
முன்னால் திறந்திருக்கும் இந்த லேப்டாப்
செகண்ட் ஹேண்ட், பத்தொன்பதாயிரம்.
கணக்குப் போட்டேன்:
ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்து மூன்று குடம்,
நாலு ரூபாய் மிச்சம்.

போன் போட்டேன்.
அப்பா, உங்களைப் படம் எடுக்கணும்.
"எதுக்கு?"
தண்ணி எவ்வளவுக்கு வாங்குறீங்க, யார்கிட்ட,
வழியில யாருக்குக் குடுக்குறீங்க, எல்லாம்.
மறுமுனையில் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்தது.
லாரி எங்கேயோ திரும்பக் காத்திருந்தது.
"யாருக்குக் குடுக்குறேன்னுமா?"
அதுதான் முக்கியம்.
டிக். டிக்.
"மொகம் தெரியுமா?"
உங்க இஷ்டம். பேரு தெரியும்.

காலை ஏழு மணிக்கு டயர்க்கடை வாசலில் வந்து நின்றார்.
துவைத்த சட்டை.
லாரியும் பளபளவென்று;
என் பெயரிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
சிக்கந்தர் கேமராவைத் தூக்கினான்.

"எந்தத் தண்ணியில கழுவுனீங்க"
என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.
நான் கேட்கவில்லை.

லாரியைக் கண்டு குடத்தோடு வந்திருந்த
முத்திருளி கேட்டாள்,
ஃபிரேமுக்கு வெளியிலிருந்து.